உயிரோடுதான் இருக்கிறாள்

டாக்டர் சொன்ன சொல்லை அப்படியே பூங்கோதையிடம் சொல்ல முடியாது, வேறு எந்தச் சொல்லைச் சொன்னாலும் அவள் இன்றைக்கு வரமாட்டாள், இவ்வளவுதான் விஷயம், இதற்காக ஒருவன் மதியச் சாப்பாட்டையும் விட்டுவிட்டு ஐசியூ வாசலில் ஃபோனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான் என்றால் அவனை என்னவென்று சொல்வது. நாற்காலிகளை ஒரே இரும்புச் சட்டத்தில் வரிசையாகத் திருகி வைத்திருக்கிறார்கள். அந்தக் கோடியில் ஒருவர் காலை ஆட்டினால் இந்தக் கோடியில் என் முதுகு ஆடுகிறது. ஆட்டாதீர்கள் என்று சொல்லலாம், சொல்லவில்லை, அவர் வீட்டு ஆளும் உள்ளே கிடக்கிறார். டாக்டர் என் மகள் வயதுப் பெண். நின்றபடியே சொன்னாள். அம்மாவுக்கு நினைவு தெளிவாக இருக்கிறது, பேசுகிறார்கள், ஆனால் நுரையீரல் இரண்டும் தளர்ந்துவிட்டன, நாளைக் காலைக்கு மேல் தாங்காது, தொண்டையில் குழாய் போட்டு மெஷினில் வைக்க வேண்டியிருக்கும், வைத்துவிட்டால் பேச முடியாது, இந்த வயதில் அதிலிருந்து திரும்பி வருவது அபூர்வம். "சீரியஸ்தான் சார். பேசணும்னு நினைக்கிறவங்க இன்னைக்கே வந்து பேசிடட்டும். எத்தனை மணிக்கு வந்தாலும் உள்ள விடச் சொல்றேன்." நான் இந்தத் திருச்சியில் ஒரு பத்திரிகையில் ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்கியே தலை நரைத்தவன். இவ்வளவு சுத்தமான குறிப்பு எந்த ஏஜென்சியிலிருந்தும் எனக்கு வந்ததில்லை. கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. நான் செய்ய வேண்டியதெல்லாம் கோயம்புத்தூரில் இருக்கும் என் தங்கை பூங்கோதைக்கு ஃபோன் போட்டு இதையே திருப்பிச் சொல்வதுதான். அம்மா சீரியஸாக இருக்கிறாள், உடனே கிளம்பி வா. அதைத்தான் சொல்ல முடியாது. அதைச் சொன்னால் அம்மா செத்துவிட்டாள் என்று அர்த்தம்.

எங்கள் குடும்பத்தில் மட்டுமில்லை, எனக்குத் தெரிந்த எல்லாக் குடும்பத்திலும் இதுதான் வழக்கம். ஒருவர் செத்துவிட்டால் வெளியூரில் இருப்பவர்களிடம் செத்துவிட்டார் என்று சொல்லக்கூடாது, சீரியஸாக இருக்கிறது, கிளம்பி வா என்றுதான் சொல்ல வேண்டும். கேட்டவர் வழியில் மயங்கி விழுந்துவிடக் கூடாதே என்ற கருணையாம். தந்தி காலத்தில் ஆரம்பித்த கருணை. சீரியஸ், உடனே புறப்படவும் என்று தந்தி வந்தால் வாசலிலேயே ஒப்பாரி தொடங்கிவிடும், வந்த தந்திக்காரர் கையெழுத்து வாங்கக்கூட ஆள் கிடைக்காமல் நிற்பார். எல்லோருக்கும் தெரியும், எல்லோருக்கும் தெரியும் என்பதும் எல்லோருக்கும் தெரியும், அப்புறமும் சீரியஸ் என்றே சொல்லிக்கொண்டிருந்தோம். பிணத்தின் மேல் போடும் துணி மாதிரி அந்தச் சொல்லை ஒவ்வொரு பிணத்தின் மேலும் போட்டோம். இப்போது ஒருத்தி உண்மையிலேயே சீரியஸாக, மூச்சு வாங்கிக்கொண்டு, மகள் பெயரைச் சொல்லிக் கேட்டுக்கொண்டு உள்ளே படுத்திருக்கிறாள், அவளுக்குப் போர்த்த அந்தச் சொல் இல்லை. அதில் பிண வாடை அடிக்கிறது. யாரைப் போய்த் திட்டுவது. எல்லோரும் நல்லெண்ணத்தில் செய்தவர்கள். நல்லெண்ணத்தில் செய்தவர்களைத் திட்ட முடியாது என்பதுதான் இதில் இருக்கும் பெரிய தொந்தரவு.

அப்பா செத்தபோது பூங்கோதைக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. நான் வேலை விஷயமாகச் சென்னையில் இருந்தேன், எனக்கும் அவளுக்கும் சித்தப்பாதான் ஃபோன் செய்தார், இருவருக்கும் ஒரே வாக்கியம். எனக்கு உடனே புரிந்துவிட்டது. அவளுக்குப் புரியவில்லை. சின்னப் பெண், படித்த பெண், சீரியஸ் என்றால் சீரியஸ் என்றே எடுத்துக்கொண்டாள். அவள் மாமியார் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, ஒருவரும் சொல்லவில்லை. பஸ் ஸ்டாண்டில் ஹார்லிக்ஸும் சாத்துக்குடியும் வாங்கியிருக்கிறாள். பக்கத்தில் நின்று அவள் புருஷன் பணம் கொடுத்திருக்கிறார், வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை அவருக்கு. அவளுக்குப் பஸ் என்றாலே வாந்தி. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், சன்னலோரம் உட்கார்ந்து எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டேதான் வருவாள். அன்றைக்கும் அப்படித்தான் வந்து எங்கள் தெருமுனையில் இறங்கியிருக்கிறாள். வாடகை நாற்காலிகள் போட்டிருந்ததைப் பார்த்தாள், இரண்டு பேர் மூங்கிலை வெட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தாள். நான் அதற்கு முன்பே வந்துவிட்டிருந்தேன். அவள் அந்தப் பையோடு வாசலைத் தாண்டி உள்ளே வந்ததைப் பார்த்தேன். அந்தப் பையை அவள் கையிலிருந்து யார் வாங்குவது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. வெகுநேரம் அவள் அதைப் பிடித்துக்கொண்டே அழுதாள். காரியமெல்லாம் முடிந்து ஊருக்குக் கிளம்பும்போது என்னிடம் சொன்னாள்: "இனிமே யாராவது எனக்கு சீரியஸ்னு ஃபோன் பண்ணா, செத்துட்டாங்கன்னே எடுத்துப்பேன் அண்ணா. சாத்துக்குடி வாங்க மாட்டேன்." சொன்னால் சொன்னதுதான் அவள். எந்தச் சாவுக்கும் அதன்பிறகு அவள் அவசரப்பட்டு வந்ததில்லை, குளித்து, தலை முடிந்து, நிதானமாக, எடுக்கும் நேரத்துக்குச் சரியாக வந்து நிற்பாள். இறந்தவர் எங்கே ஓடிவிடப் போகிறார்.

ஆக வேறு சொல் தேட வேண்டும். தேடுவதில் எனக்கென்ன கஷ்டம், அதுதானே தொழில். கவலைக்கிடம். இது எங்கள் மேஜையிலேயே உற்பத்தியாகும் சரக்கு, எத்தனை விபத்துச் செய்திகளில் நானே போட்டிருக்கிறேன், காயமடைந்தவர்களில் இருவரின் நிலை கவலைக்கிடம். யாராவது ஒரு மனிதன் வாயால் இதைச் சொல்லி நான் கேட்டதில்லை. அம்மா கவலைக்கிடமாக இருக்கிறாள் என்று சொன்னால் பூங்கோதை சிரித்துவிடுவாள், எந்தப் பக்கத்தில் போட்டிருக்கிறாய் என்பாள். தீவிரம். எனக்கு எதிரே கதவுக்கு மேலேயே எழுதியிருக்கிறது, தீவிர சிகிச்சைப் பிரிவு. நோய் தீவிரமா, சிகிச்சை தீவிரமா, அதை யாரும் விசாரித்ததில்லை. தீவிரத்தை நாங்கள் மழைக்கும் போலீஸுக்கும் கொடுத்துவிட்டோம், மழை தீவிரமடைகிறது, போலீசார் தீவிரமாகத் தேடிவருகிறார்கள். ஆபத்து. அது மின்சாரக் கம்பத்தில் மண்டையோட்டுக்குக் கீழே இருப்பது. மோசம். மோசம் என்பது ரோடு, ஓட்டல் சாம்பார், சில மனிதர்கள். இழுத்துக்கொண்டிருக்கிறது என்று ஒன்று சொல்வார்கள், அது எப்போது முடியும் என்று வீடே காத்திருக்கும் கிழங்களுக்கு. அம்மா அப்படி இல்லை, போன மாதம்வரை மாடியேறி வடாம் காய வைத்தவள். முடியவில்லை என்று சொல்லலாம், அம்மாவுக்கு ரொம்ப முடியவில்லை. ஜலதோஷத்துக்கும் முடியவில்லைதான், புற்றுநோய்க்கும் முடியவில்லைதான், நடுவே இருக்கும் எல்லாவற்றுக்கும் முடியவில்லைதான். அம்மாவுக்கு முடியாமலிருப்பது பத்து வருஷமாக நடக்கிறது, பூங்கோதை மிளகுக் கஷாயம் போடச் சொல்வாள். ஒரு பக்கம் செத்துவிட்டாள், இன்னொரு பக்கம் கஷாயம். நடுவில் ஒரு இடம் இருக்கிறது, அங்கேதான் அம்மா இப்போது இருக்கிறாள், அந்த இடத்துக்கு இந்த மனிதர்கள் ஒரு பெயர் வைத்திருக்கக் கூடாதா.

ஆங்கிலக்காரனுக்கு வசதி. ஆபீஸில் அட்டை கிழிந்த அகராதி ஒன்று இருக்கிறது, சீரியஸ் என்ற சொல்லுக்கு நேரே வரிசையாக அர்த்தம் போட்டிருப்பான், சிரிக்காத முகத்துக்கு ஒன்று, விளையாட்டில்லாத பேச்சுக்கு ஒன்று, ஆழமான காயத்துக்கு ஒன்று, யோசிக்க வைக்கும் புத்தகத்துக்கு ஒன்று, பெரிய குற்றத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு நிழல் வித்தியாசம். நாம் அவனிடமிருந்து ஒன்றே ஒன்றை வாங்கி வந்து எல்லா இடத்திலும் அதையே தேய்க்கிறோம். சீரியஸாகவா சொல்கிறாய் என்றால் நம்பவில்லை என்று அர்த்தம். சீரியஸாக எடுத்துக்கொள்ளாதே என்றால் திட்டி முடித்துவிட்டேன் என்று அர்த்தம். பையன் சீரியஸாகப் படிக்கிறான் என்றால் மார்க் வரவில்லை என்று அர்த்தம். என் மனைவி என்னைப் பற்றித் தன் அக்காவிடம் சொல்வது, அவர் எப்பவும் சீரியஸ்தான். கல்லூரி நாளிலிருந்து எனக்கு இந்தப் பெயர். அந்தக் கணக்கில் நான் எப்போதோ செத்தவன், எடுக்கத்தான் ஆள் வரவில்லை. இதை நினைத்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது, ஐசியூ வாசலில் சிரிக்கிறேனே என்று எரிச்சலும் வந்தது. மடியில் ஃபோனுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் பை. சேர்த்தபோது நர்ஸ் கொடுத்தது. அதில் அம்மாவின் செருப்பு, கொண்டை ஊசிகள், கண்ணாடி. செருப்பின் குதிகால் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருக்கிறது. அம்மா இப்படிச் சாய்ந்து நடக்கிறாள் என்று இதுவரை நான் கவனித்ததில்லை. இப்போது கவனித்து என்ன ஆகப்போகிறது. உண்மையில் நான் சொல் தேடுகிறேனா, அல்லது சொல் கிடைக்காதவரை விஷயம் நடக்கவில்லை என்று வைத்துக்கொண்டிருக்கிறேனா. மேஜையில் எனக்கு இது பழக்கம், பிடிக்காத செய்தி வந்தால் ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன், பக்கம் முடிக்கிற நேரம் வந்து யாராவது பிடுங்கிக்கொண்டு போகும்வரை. இங்கே பிடுங்க யாரும் வரமாட்டார்கள். காலையில் உள்ளே போனபோது அம்மா கேட்டது ஒன்றைத்தான், "கோதை வந்தாளா?" பொங்கலுக்கு இருவருக்கும் சண்டை. என்னோடு வந்து இரு என்று பூங்கோதை ஒரு அறையைச் சுத்தம் செய்து, வெள்ளையடித்து, கட்டில் வாங்கிப் போட்டு வைத்திருந்தாள். அம்மா கடைசி நேரத்தில் வரமாட்டேன் என்றுவிட்டாள், காரணமும் சொல்லவில்லை. இனி உன்னைக் கூப்பிடமாட்டேன் என்றாள் இவள். அன்றிலிருந்து இருவரும் என் மூலமாகத்தான் பேசிக்கொள்கிறார்கள், சாப்பிட்டாளா என்று கேள், மாத்திரை போட்டாளா என்று கேள். நடுவில் நின்று பேச்சைக் கடத்துவதுதான் வீட்டிலும் எனக்கு வேலை.

கடைசியில் ஃபோன் போட்டேன். பூங்கோதை எடுக்கவில்லை, பள்ளிக்கூடத்தில் வகுப்பில் இருப்பாள், ஃபோன் பையில் கிடக்கும். அவள் கணவர் தண்டபாணிக்குப் போட்டேன். மோட்டார் பம்பு பழுது பார்க்கும் பட்டறை வைத்திருக்கிறார், பின்னால் ஒரு மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. நான் மனதில் எழுதி, அடித்து, திருத்தி வைத்திருந்த வாக்கியத்தைச் சொன்னேன். "மாப்பிள்ளை, பதறாதீங்க. அம்மாவுக்கு உடம்பு ரொம்ப மோசமா இருக்கு. ஆனா உயிரோட இருக்காங்க." மோட்டார் நின்றது. அவர் கையால் நிறுத்தினார் என்று எனக்குத் தெரிந்தது. உயிரோடிருக்கும் மாமியாருக்காக யாரும் மோட்டாரை நிறுத்துவதில்லை. "சரிங்க மச்சான்," என்றார் மெதுவாக, "புரியுதுங்க." என்ன புரிகிறது. உயிரோடுதான் இருக்கிறார்கள், பேசுகிறார்கள், காலையில்கூடப் பேசினார்கள் என்றேன். "சரிங்க மச்சான். நீங்க தைரியமா இருங்க." சத்தியமாகச் சொல்கிறேன் என்றேன். சொல்லும்போதே தெரிந்தது, என் ஒவ்வொரு சத்தியமும் அம்மாவை இன்னும் கொஞ்சம் கொன்றுகொண்டிருந்தது. சித்தப்பாவும் அன்றைக்கு இதே குரலில் பேசியிருப்பார், இதே மாதிரிப் பதறாதே என்றுதான் ஆரம்பித்திருப்பார். பதறாதீங்க என்று ஆரம்பித்திருக்கக் கூடாது, அது என் தப்பு. தண்டபாணி அதற்குள் ஏற்பாட்டில் இறங்கிவிட்டார். பொள்ளாச்சியிலிருந்து அவர் பெரியப்பா வர வேண்டும், பல்லடத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் வருத்தப்படுவார்கள், மாலைக்குச் சொல்ல வேண்டும். "ஒரு வேன் வெச்சு எல்லாருமா ராத்திரி கெளம்புனா வெடியால வந்தர்லாமுங்க. கோதைகிட்ட நான் பக்குவமாச் சொல்லிக்கிறனுங்க, நீங்க ஒண்ணும் சொல்லிப்போடாதீங்க." விடியற்காலையில் வேண்டாம், இப்போதே அவளை மட்டும் பஸ்ஸில் ஏற்றிவிடுங்கள் என்றேன். சரிங்க, சரிங்க என்றார். என் மேல் இரக்கப்படுகிறார் என்று புரிந்தது. பிறகு, கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு கேட்பவரைப் போல, "வூட்டுக்கு எப்பங்க கொண்டுட்டுப் போறீங்க?" என்றார். நல்ல மனிதர். என் தங்கையை ஒரு சுடுசொல் சொன்னதில்லை. அந்த நிமிஷத்தில் அவரை ஃபோனோடு சேர்த்துச் சுவரில் அடிக்கலாம் போலிருந்தது எனக்கு.

ஃபோனை வைத்ததும் காலாட்டிக்கொண்டிருந்தவர் காலை நிறுத்தினார். லால்குடிப் பக்கம் போலிருக்கிறது, காலையிலேயே அறிமுகம் செய்துகொண்டார், அவர் மாமனார் உள்ளே இருக்கிறார். எழுந்து வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து தோளில் கை வைத்தார். "எப்பங்க ஆச்சு?" நான் பேசியதை முழுவதும் கேட்டவர், உயிரோடு இருக்கிறார்கள் என்று மூன்று முறை சொன்னேன், மூன்று முறையும் கேட்டிருப்பார். "ஆகலைங்க," என்றேன், "இருக்காங்க." தலையை ஆட்டினார். "ஆமாங்க. வெளியூருக்கு அப்படித்தான் சொல்லணும்." கதவுக்கு அந்தப் பக்கம் அம்மா மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறாள், இந்தப் பக்கம் அவள் உயிரோடிருப்பதை நம்புகிறவன் நான் ஒருத்தன்தான். கொஞ்சம் விட்டால் எனக்கே சந்தேகம் வந்துவிடும். வந்தும்விட்டது. எழுந்து போய்க் கதவிலிருக்கும் வட்டக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன், திரையும் ஒரு நர்ஸின் முதுகும்தான் தெரிந்தன. என்ன இது, எழுத்தெழுத்தாக உண்மையைச் சொன்னால் பொய்யாகிறது, பொய் சொன்னால் மட்டும் உண்மையாகிவிடுமா, அதுவும் ஆகாது. ஒருவேளை வேறு ஏதாவது கதை கட்டலாம். அம்மா உன்னோடு வந்து இருக்கச் சம்மதித்துவிட்டாள், வந்து கூட்டிக்கொண்டு போ என்று சொல்லலாம். ஓடி வருவாள். ஹார்லிக்ஸ் வாங்கிக்கொண்டு வருவாள். வந்து நின்று என்னைப் பார்ப்பாள். அந்தப் பார்வையை ஒரு தடவை பார்த்தாகிவிட்டது, சித்தப்பா சாகிறவரை அதை மறக்கவில்லை, அவள் எதிரில் வந்தால் அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொள்வார், வேர்க்காவிட்டாலும்.

நான்கு மணிக்கு உள்ளே விடும் நேரம். செக்யூரிட்டி கதவைப் பாதி திறந்து சௌந்தரவல்லி அட்டெண்டர் என்று அம்மா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார், ஒரு ஆள் மட்டும், ஃபோன் ஆஃப் பண்ணிடுங்க. ஷூவுக்கு மேல் பச்சைத் துணி உறையை மாட்டிக்கொண்டிருந்தபோது பூங்கோதை கூப்பிட்டாள். ஒற்றைக் காலில் நின்றபடி எடுத்தேன். "இவரு பட்டறையிலருந்து சீக்கிரமே வந்துட்டாரு. அம்மாவுக்கு லேசா சளியாம், நாளைக்குக் காலைல போய்ப் பாத்துட்டு வரலாங்கறாரு. ஆனா வெள்ளை வேட்டியை எடுத்து இஸ்திரி போட்டுக்கிட்டு இருக்காரு." அவள் குரல் தட்டையாக இருந்தது, வகுப்பில் தப்புச் செய்த பிள்ளையை எழுப்பி நிறுத்திக் கேட்கிற குரல். "நீயாவது நிஜத்தைச் சொல்லு அண்ணா. அம்மா இருக்காளா?" இருக்கிறாள் என்றேன். "அப்படித்தான் சொல்லுவீங்க எல்லாரும். நீ சொல்றதை நான் நம்ப மாட்டேன். ஃபோனை அவகிட்ட குடு." எனக்கு ஏன் இது தோன்றவில்லை. காலையிலிருந்து சொல்லைத் தேடிக்கொண்டிருந்தவனுக்கு, உள்ளே இருப்பவளுக்கு வாய் இருக்கிறது என்று ஏன் தோன்றவில்லை. வைத்துவிடாதே, பேசாமல் இரு என்று சொல்லி, இணைப்பை அறுக்காமல் சட்டைப் பைக்குள் ஃபோனைப் போட்டு, அதற்கு மேல் அவர்கள் கொடுத்த அங்கியை மாட்டிக்கொண்டேன். செக்யூரிட்டி என் முகத்தைத்தான் பார்த்தார், நெஞ்சைப் பார்க்கவில்லை. நெஞ்சுக்கு மேல் என் தங்கை மூச்சு விடுவது எனக்குக் கேட்டது, அல்லது கேட்டது போலிருந்தது. உள்ளே குளிர். மருந்து நெடி. ஒவ்வொரு கட்டிலிலும் ஒரு மெஷின் தனித்தனியாகச் சிணுங்கியது, எதுவும் எதோடும் ஒத்துப்போகவில்லை. அம்மாவின் முகத்தில் மாஸ்க்கின் ரப்பர் பட்டை அழுந்திக் கன்னத்தில் கோடு விழுந்திருந்தது. அடையாளம் தெரியாத அளவுக்குச் சின்னதாகியிருந்தாள். என்னைப் பார்த்ததும் மாஸ்க்குக்குள்ளிருந்து உதடு அசைந்தது. எனக்குத் தெரியும் அது என்ன என்று. கோதை வந்தாளா. ஃபோனை எடுத்து அம்மாவின் காதோரம் வைத்தேன், மாஸ்க்கைக் கொஞ்சம் விலக்கினேன். கோதைதான், பேசு என்றேன்.

அம்மா கண்ணை மூடினாள். மூச்சை எங்கிருந்தோ பொறுக்கிப் பொறுக்கிச் சேர்த்தாள், கழுத்து நரம்பெல்லாம் எழும்பியது. நான் நினைத்தேன், இப்போது வா என்று சொல்லப் போகிறாள், அந்த ஒரு எழுத்து போதும், மீதியெல்லாம் தேவையில்லை. அம்மா பேசினாள். வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் பேசுகிற குரலில் பேசினாள். "எனக்கென்னடி. நல்லா இருக்கேன். சும்மா சளி. நீ ஸ்கூலை விட்டுட்டு அலையாதே. உங்கண்ணன் ஒரு பயந்தாங்கொள்ளி." நான் மாஸ்க்கைப் பழையபடி வைத்தேன். எனக்கு வந்தது ஆத்திரம்தான், வேறு எதுவும் இல்லை என்று இப்போதும் சொல்வேன். காலையிலிருந்து கோதை கோதை என்று உயிரை வாங்கிவிட்டு, அவள் கிடைத்ததும் அலையாதே என்கிறாள். சாவை அவர்கள் சீரியஸ் என்று மூடுகிறார்கள், சீரியஸை இவள் சளி என்று மூடுகிறாள், எல்லோரும் ஒரு படி கீழே இறங்கி நின்றுதான் பேசுவார்கள், எந்தச் சொல்லும் அதன் இடத்தில் இருக்காது. ஃபோனை என் காதில் வைத்தேன். பூங்கோதை அழுதுகொண்டிருந்தாள், நடுநடுவே சிரித்தாள். "நல்லாத்தானே பேசறா. உனக்கும் இவருக்கும் வேற வேலையே இல்லையா. என் உசுரே போயிடுச்சு. ஞாயித்துக்கிழமை வர்றேன்னு சொல்லு அவகிட்ட. கோவம் எல்லாம் போயிடுச்சுன்னு சொல்லு." பொங்கலுக்குப் பிறகு இவ்வளவு லேசான குரலில் அவள் பேசிக் கேட்கவில்லை. அப்படியே விட்டுவிடலாம் என்று தோன்றியது. இரண்டு நாள் அவள் அந்த லேசிலேயே இருக்கட்டும். அம்மாவும் தன் குரலைக் கொடுத்துவிட்டாள். இதைவிட நல்ல கடைசிப் பேச்சு யாருக்கு வாய்க்கும், சண்டை தீர்ந்தது, எல்லோரும் நல்லவர்கள். ஞாயிற்றுக்கிழமை அவள் பஸ் ஸ்டாண்டில் நின்று சாத்துக்குடி பொறுக்குவது தெரிந்தது, ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்து. அந்தப் பை தெரிந்தது. வெளியே போய்ப் பேசலாம் என்று நகரப் பார்த்தேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள், ஊசி குத்திய கையால். இழுத்தால் ஊசி பிடுங்கிக்கொள்ளும். அந்தப் பக்கம் கோதை ஃபோனை வைக்கப் போகிறாள். நர்ஸ் ஃபோனைப் பார்த்துவிட்டு வேகமாக வந்துகொண்டிருந்தாள்.

"கோதை, கேளு. அம்மா செத்துப்போயிடுவா. இன்னும் சாகலை. நாளைக்குக் காலைல அவளால பேச முடியாது. வேனெல்லாம் வேண்டாம், நீ மட்டும் இப்பவே பஸ் ஏறு."

சொல்லிவிட்டேன். நர்ஸ் நின்றுவிட்டாள், ஃபோனைப் பிடுங்க நீட்டிய கை நீட்டியபடி இருந்தது. காலமானார் என்று எழுதியிருக்கிறேன், இயற்கை எய்தினார் என்று, உயிரிழந்தார், பலியானார், மறைந்தார் என்று எழுதியிருக்கிறேன். இந்தச் சொல்லை, எறும்பு செத்துப்போச்சு என்று எல்லாப் பிள்ளைகளும் சொல்கிற இந்தச் சொல்லை, ஒரு நாளும் அச்சில் ஏற்றியதில்லை, வீட்டில் சொன்னதில்லை, சொன்னால் வாயில் அடிப்பாள் அம்மா. அவள் காதுக்கு ஒரு சாண் தூரத்தில் சொல்லியிருக்கிறேன். ஃபோனில் சத்தமே இல்லை. இணைப்பு போய்விட்டதா என்று பார்க்கவும் பயமாக இருந்தது. அம்மாவின் முகத்தைப் பார்க்க அதைவிடப் பயம். மணிக்கட்டைப் பார்த்தேன். அவள் விரல்கள் விடவில்லை, இறுகவும் இல்லை, அப்படியே இருந்தன, சின்ன வயதில் ரோடு கடக்கும்போது என்னைப் பிடித்துக்கொண்டிருந்த மாதிரி. என்ன செய்துவிட்டேன். பெற்றவளிடம் எவனாவது இப்படிச் சொல்வானா. அவளுக்குத் தெரியாது என்று நினைத்தேனா, தெரியும் என்று நினைத்தேனா, எதையும் நினைக்காமல் சொன்னேனா. அம்மா இன்னொரு கையை மெதுவாகத் தூக்கினாள். என்னை அடிக்கத்தான் தூக்குகிறாள் என்று ஒரு நொடி உறுதியாக நம்பினேன், அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது. அவள் மாஸ்க்கைத் தானே விலக்கினாள். இந்த முறை விருந்தாளிக் குரல் இல்லை.

"சன்னலோரமாப் பாத்து உட்காரச் சொல்லு. இல்லேன்னா வாந்தி எடுப்பா."

நான் அதை ஃபோனில் சொல்லப் போனேன், சொல்ல வேண்டியிருக்கவில்லை, கேட்டிருக்கிறாள். அந்தப் பக்கம் பீரோ திறக்கும் சத்தம், ஏதோ விழும் சத்தம், என்னாச்சு கண்ணு, இரு, வண்டிக்குச் சொல்றேன் என்று தண்டபாணியின் குரல், வேண்டாம் விடுங்க என்று அவள். பிறகு என்னிடம், மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "எலுமிச்சம்பழம் எடுத்துக்கிட்டேன்னு சொல்லு அவகிட்ட."

சொன்னேன்.